புக்கர் வாங்கின நாவல் பிடிக்கலைன்னு சொல்லலாமா?

பெங்களூர்ல நாங்க அஞ்சு பேர், மாசத்துக்கு ஒரு நாவல் படிச்சுட்டு இந்திராநகர்ல ஒரு மைக்ரோப்ரூவரில உட்கார்ந்து பேசுவோம். அங்கேயே தயாராகிற கிராஃப்ட் பீர்தான் ஆர்டர் பண்ணுவோம். ஐ.பி.ஏ. ரொம்பக் கசக்குதுன்னா, யாரும் யோசிக்காம சொல்லிடுவோம். ஆனா பரிசு வாங்கின நாவல்னா மட்டும் குரல் இறங்கிடுது. ஒரு தோழி, "நூறு பக்கத்துக்கு மேல போக முடியல, எனக்குத்தான் அறிவு பத்தல போல"ன்னு சொன்னா. அந்தப் பேச்சுதான் இந்த எபிசோடுக்குக் காரணம்.

முதல்ல, புக்கர் பரிசை யார் முடிவு பண்றாங்க? வழக்கமா அஞ்சு நடுவர்கள். ஒவ்வொரு வருஷமும் ஆட்கள் மாறுவாங்க. நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களைப் படிச்சு ஒரு நெடும்பட்டியல், அதிலிருந்து ஆறு நாவல் கொண்ட குறும்பட்டியல், கடைசியில ஒண்ணு.

அந்த அஞ்சு பேரே ஒத்துப்போகாத வருஷமும் உண்டு. 1992-ல மைக்கேல் ஒண்டாச்சியும் பாரி அன்ஸ்வொர்த்தும் பரிசைப் பகிர்ந்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம், இனிமே ஒருத்தருக்குத்தான்னு விதி வந்தது. 2019-ல நடுவர்கள் அஞ்சு மணி நேரத்துக்கு மேல பேசினாங்க. ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கவே மாட்டோம்னு நின்னு, விதியை மீறி ரெண்டு பேருக்குக் கொடுத்தாங்க: 'தி டெஸ்டமென்ட்ஸ்' எழுதின மார்கரெட் அட்வுட், 'கேர்ள், வுமன், அதர்' எழுதின பெர்னார்டின் எவரிஸ்டோ.

எங்க மேசையில பெரிய சண்டையே இதுக்குத்தான். அட்வுட் 2000-லயே புக்கர் வாங்கினவர். உலகம் முழுக்கப் பிரபலம். எவரிஸ்டோ இந்தப் பரிசை வாங்கின முதல் கறுப்பினப் பெண். 50,000 பவுண்டும் பாதியாச்சு, கவனமும் பாதியாச்சு. "இது நியாயமாடா?"ன்னு ஒருத்தன். "ரெண்டும் நல்ல புத்தகம்னா என்ன பண்றது?"ன்னு இன்னொருத்தி. நான் எவரிஸ்டோ கட்சி. பன்னிரண்டு பேரோட கதையை, முற்றுப்புள்ளியே ரொம்பக் கம்மியா வெச்சு எழுதியிருக்கார். முதல் இருபது பக்கம் தடுமாறும், அப்புறம் காதுல ஒரு குரல் மாதிரி ஓடும்.

ஆக, பரிசுங்கறது தேர்வு விடைத்தாள் இல்ல. கவனமாப் படிச்ச அஞ்சு பேரோட தீர்ப்பு. அதுக்கு மதிப்பு இருக்கு; அந்த நாவலைக் கையில எடுக்க அது போதுமான காரணம். பிடிச்சே ஆகணும்கறதுக்குக் காரணம் இல்ல.

அதனால இப்போ நாங்க ரெண்டு கேள்வி வெச்சிருக்கோம். எந்தப் பக்கத்துல நின்னுட்டே, ஏன்? அந்தக் குறும்பட்டியல்ல நீ நடுவரா இருந்தா எதுக்குக் கொடுத்திருப்பே? முதல் கேள்விக்கு எங்க தோழி சொன்ன பதில்தான் அன்னைக்கு ஒரு மணி நேரம் ஓடுச்சு. பாதியில வெச்ச நாவல் உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கும். அடுத்த சந்திப்புக்கு அதையே எடுத்துட்டுப் போங்க.