ஓடாத நேரத்தில் ஓட்டக்காரர்கள்

கேலரியில் உட்கார்ந்து கைதட்டும்போது இதெல்லாம் நம் கண்ணில் படவே படாது. விழுப்புரம் பெருந்திட்ட வளாக மைதானத்தில் இன்னும் பொழுது விடியவில்லை, அதற்குள் நம்மை உள்ளே விட்டுவிட்டார்கள்! பார்த்து வாங்க, படிக்கட்டு முழுக்க ஸ்பைக்ஸ் ஷூ, ஈரத் துண்டு, வலி ஸ்பிரே நெடி, யாருடையதோ ஒற்றை சாக்ஸ்.

பயிற்சி தரும் மாஸ்டர் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும் என்றுதானே நினைத்தீர்கள்? அட்டை கிழிந்த ஒரு நோட்டு இருக்கிறது. ஓடுகிற ஒவ்வொருவரும் கண் விழித்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி, அதில் எழுத வேண்டும். வழக்கமாக 54 எழுதும் பையன் மூன்று நாளாக 62, 63 எழுதியிருக்கிறான்.

"சரியா தூங்குறியாடா?"

"தூங்குறேன் மாஸ்டர்."

"பொய் மாஸ்டர்! ராத்திரி ஒரு மணி வரைக்கும் மேட்ச் பாக்குறான்!" பின்னாலிருந்து ஒரு குரல், கொல்லென்று சிரிப்பு.

நாடியை மட்டும் பார்த்து மாஸ்டர் முடிவு கட்டுவதில்லை. சோறு இறங்குகிறதா, அடிக்கடி சளி பிடிக்கிறதா, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறானா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "இன்னிக்கு நடந்தா போதும், ஓடாத" என்கிறார். பையன் முகம் தொங்கிவிட்டது. போலீஸ் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். அந்தத் தேர்வு நடக்கும் காகுப்பம் ஆயுதப்படை மைதானம்தான் அவன் கனவில் வருகிறதாம். எனக்கோ மாஸ்டரைக் கும்பிடத் தோன்றியது. பயிற்சி உடம்பைக் களைக்க வைக்கிறது, பலம் ஏறுவது ஓய்வில். களைப்பை ஆரம்பத்திலேயே கவனித்தால் சில நாளில் தீரும். மீறி ஓடினால் வாரக்கணக்கு, இன்னும் மீறினால் மாதக்கணக்கு. அளவு மீறிய பயிற்சியின் களைப்புதான் என்று காட்டிக்கொடுக்க ஒற்றை ரத்தப் பரிசோதனையும் கிடையாது. ரத்தசோகையா, தைராய்டா என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சாயங்காலம் திண்டிவனம், விழுப்புரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். இங்கே பெண்கள் பயிற்சி. அவித்த வேர்க்கடலை கைக்குக் கை போகிறது. ஊர்ப் பெருமை தெரியுமா? டிஎம்வி என்று தொடங்கும் கடலை ரகங்களெல்லாம் இந்த ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை!

"டைமிங் கூடுதேன்னு இன்னும் ரெண்டு ரவுண்டு சேர்த்து ஓடினேன்க்கா. இன்னும் மோசமாச்சு," என்கிறாள் ஒரு தங்கை. மாதவிலக்கும் நின்றுபோயிருக்கிறது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள். பயிற்சியாளர் அக்கா இப்போது எல்லோரிடமும் நேரடியாகவே கேட்டுவிடுகிறார், "டேட் சரியா வருதாம்மா?" ஓடும் அளவுக்குச் சாப்பிடாத உடம்பு முதலில் நிறுத்துகிற வேலைகளில் அதுவும் ஒன்று. மருத்துவரைப் பார்த்து, சாப்பாட்டைக் கூட்டி, நீண்ட ஓய்வுக்குப் பிறகு அவள் இப்போதுதான் திரும்பியிருக்கிறாள்.

இன்றைக்கு 20 நிமிட மெதுவோட்டம், அதுவும் பேசிக்கொண்டே. பேச்சு திணறினால் நடக்க வேண்டும். கூடவே நானும் ஓடினேன்; அவள் ஒரு சினிமாக் கதையை மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டு வந்தாள். கதை இடைவேளைத் திருப்பத்துக்கு வந்தபோது, ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி அக்காவின் விசில்.

"அக்கா, கிளைமாக்ஸ் மட்டும் சொல்லிட்டு வந்துடுறேன், இன்னும் ஒரே ரவுண்டு!"

"உக்காந்து சொல்லுடி!"