ஒரே அறை, இரண்டு வாக்கு: கூட்ட அறையைக் காலண்டரில் பதிவு செய்வது எப்படி?



மயிலாப்பூர், ராயப்பேட்டை, தி.நகர், அடையாறு பகுதிகளில் ஒரு ஜமாஅத்துக்கோ அறக்கட்டளைக்கோ ஓர் அறை கிடைப்பதே பெரிய விஷயம். நிர்வாகிகளின் மஷூரா, பிள்ளைகளின் டியூஷன், பெண்கள் பயான், சம்பந்தம் பேசுவது, ஜகாத் விண்ணப்பதாரர்களைச் சந்திப்பது எல்லாம் அந்த அறையில்தான். செயலாளர் ஒருவருக்குப் போனில் 'சரி' என்பார். அலுவலகத்தில் இருப்பவர் அதே நேரத்தை வேறொருவருக்கு நோட்டில் எழுதி வைப்பார். ஞாயிறு காலை இரு தரப்பும் வாசலில் நிற்கும்.

அப்போது திரும்பிப் போவது யார்? பெரும்பாலும் உரக்கக் கேட்கத் தயங்குபவர்தான். கைக்குழந்தையோடு பஸ் ஏறி உதவி கேட்டு வந்த சகோதரியிடம் 'அடுத்த வாரம் வாங்கம்மா' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கொடுத்த நேரமும் ஒரு வாக்குதான், அமானத்தான். குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுத்து இருந்தால் மனத்தாங்கலுக்கு இடம் குறையும்.

அறையும் ஓர் அழைப்பாளர்

ஓ.எம்.ஆர். பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே கூட்டத்தைக் காலண்டரில் குறிக்கும்போதே, வர வேண்டியவர்களோடு அறையையும் சேர்த்து அழைக்கிறார்கள். அறைக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி உண்டு. அந்த நேரம் காலியாக இருந்தால் ஏற்றுக்கொண்டதாக அறையின் கணக்கிலிருந்தே பதில் வரும்; ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறுப்பு வரும். 1998இல் வெளிவந்த 'ஐகேலண்டர்' என்ற பொது விதிமுறையிலேயே, அழைக்கப்படுவது தனிநபரா, குழுவா, அறையா என்று பிரித்துக் குறிக்க வழி செய்திருந்தார்கள். இதை நம் அலுவலகத்திலும் செய்யலாம். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: செலவில்லாத பொதுக் காலண்டர்

1. ஜமாஅத் பெயரில் தனி ஜிமெயில் கணக்கு தொடங்குங்கள். செயலாளரின் சொந்தக் கணக்கு வேண்டாம். நிர்வாகம் மாறினால் பதிவுகளும் அவரோடு போய்விடும்.

2. கணினியில் கூகுள் காலண்டரைத் திறந்து, இடப்பக்கம் 'மற்ற காலண்டர்கள்' அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்திப் புதிய காலண்டர் உருவாக்குங்கள். 'மாடி அறை' என்பது போல் பெயரிடுங்கள். அறை ஒவ்வொன்றுக்கும் தனிக் காலண்டர் வேண்டும்.

3. அதன் அமைப்புகளுக்குப் போய், பதிவு செய்யவும் மாற்றவும் இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மற்றவர்களுக்கு 'காலியா, நிரம்பியதா' என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

4. டியூஷன் போல வாரந்தோறும் நடப்பவற்றை, திரும்பத் திரும்ப வரும் நிகழ்வாக முதலிலேயே போட்டுவிடுங்கள்.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பதிவுகள் போட்டாலும் இந்தக் காலண்டர் தடுக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும், அவ்வளவுதான். எனவே 'காலண்டரைப் பார்க்காமல் யாருக்கும் சரி சொல்வதில்லை' என்ற கட்டுப்பாடு வேண்டும்.

இரண்டாவது வழி: தானாகப் பதில் சொல்லும் அறை

அறையை உண்மையான அழைப்பாளராக வைக்க, கூகுள் ஒர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசாப்ட் 365 கணக்கு வேண்டும். ஒர்க்ஸ்பேஸில் தகுதியுள்ள லாபநோக்கற்ற அமைப்புகளுக்குக் கட்டணமில்லாத திட்டம் உண்டு. விண்ணப்பித்தால் சரிபார்த்துத் தருவார்கள். நிர்வாகப் பக்கத்தில் முதலில் கட்டடத்தையும், பிறகு அறையையும் அதில் எத்தனை பேர் அமரலாம் என்பதையும் பதிய வேண்டும். மோதாத அழைப்புகளை அறை தானாக ஏற்கும்படி அமைக்கலாம்.

மைக்ரோசாப்டில் அறைக்கான கணக்கு, ஆரம்ப அமைப்பில் 180 நாட்களுக்கு அப்பால் உள்ள தேதியை ஏற்காது. எட்டு மாதம் கழித்து வரும் நிக்காஹ் தேதிக்கு இடம் பிடிக்க வேண்டுமானால் அந்த எண்ணிக்கையை முன்கூட்டியே கூட்டி வைக்க வேண்டும்.

நமக்கே உரிய மூன்று கவனங்கள்

மணி: 'மஃரிபுக்குப் பிறகு' என்று பதியாதீர்கள். சென்னையில் நவம்பர் கடைசியில் சூரியன் மறைவது சுமார் 5:40க்கு. ஜூலையில் சுமார் 6:40க்கு. ஒரு மணி நேர வித்தியாசம். எப்போதும் கடிகார நேரத்தையே எழுதுங்கள். தொழுகைக்கு எழுந்து போக இடைவெளியும் விடுங்கள்.

நாள்: மஃரிபோடு நாள் மாறுவது நம் கணக்கு; நள்ளிரவில் மாறுவது காலண்டரின் கணக்கு. பெரியவர் ஒருவர் 'ஜும்ஆ இரவு' என்றால் அது வியாழன் இரவு. கிழமையோடு ஆங்கிலத் தேதியையும் கேட்டு உறுதி செய்யுங்கள். ரமளான், பெருநாள் நிகழ்ச்சிகளுக்கு மென்பொருள் காட்டும் ஹிஜ்ரி தேதியை நம்பி முடிவு செய்யாதீர்கள். பிறை பார்த்து தலைமை காஜி அறிவிப்பதற்கும் அதற்கும் ஒரு நாள் வேறுபடலாம். இரண்டு நாளையும் பிடித்து வைத்து, பிறகு ஒன்றை விடுவியுங்கள்.

மானம்: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஜகாத்துக்கு விண்ணப்பித்தவர் பெயரையோ, குடும்பப் பிரச்சினை பேச வருபவர் பெயரையோ காலண்டரில் எழுதாதீர்கள். 'சந்திப்பு' என்று மட்டும் போதும். பெயரும் விவரமும் அலுவலகப் பதிவேட்டில் இருக்கட்டும். காலண்டரை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிடும் பெட்டியை டிக் செய்யவே வேண்டாம். அப்படிச் செய்தால் முன்பின் தெரியாதவர்களும் இணையத்தில் பார்க்க முடியும். கொடுப்பதை மறைத்துக் கொடுக்கும் சமுதாயம், வாங்குபவரின் பெயரைத் திரையில் காட்டலாமா?

ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக வாரத்தின் பதிவுகளை அச்செடுத்து அறைக் கதவில் ஒட்டுங்கள். போனில் கேட்பவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். அவர் ஊரில் இல்லாதபோது பார்க்க இன்னொருவரையும் நியமியுங்கள்.

அடுத்த மஷூராவில் முடிவு செய்ய வேண்டியவை மூன்றே: எந்த வழி, யார் பொறுப்பு, எந்தத் தேதி முதல் பழைய நோட்டை மூடுவது. டியூஷனுக்கு வரும் பிள்ளையும் உதவி கேட்டு வரும் தாயும் வாசலிலிருந்து திரும்பாமல் இருக்க, அல்லாஹ் நம் பொறுப்புகளை இலேசாக்குவானாக. ஆமீன்.