பெட்டிக்குள் ஆடும் இரும்பு

தேயிலைத் தொழிற்சாலையின் பழைய உருட்டு இயந்திரப் பாகங்களைப் பதுளையிலிருந்து கொழும்புக்கு அனுப்புவோர் எடையைக் கண்டே அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியது அசைவுக்கு. 1924-இல் பதுளையை எட்டிய ரயில் பாதையும் சரி, லொறி இறங்கும் மலைவீதியும் சரி, வளைவுக்கு வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளுபவை. வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகவே தாங்கும். அடிபட்டால் உருக்கைப் போல நெளியாது, வெடித்துவிடும்.

சாக்கும் வைக்கோலும் நிறையத் திணித்தால் போதாதா என்பார்கள். கனத்த பாகம் அவற்றை நசுக்கித் தனக்கு ஆட இடம் செய்துகொள்ளும். ஆகவே நீட்டிய தண்டுகளைக் கழற்றித் தனியே கட்டி, கடைந்த முகங்களில் கிரீஸ் பூசி, பாகத்தின் சொந்தத் துளைகள் வழியே அடிப்பலகையில் போல்ட் போட்டு இறுக்கியபின் பெட்டியை எழுப்புவதே முறை. பலகைச் செலவு கூடும்தான். ஆனால் அச்சே அழிந்துபோன பாகத்தை மறுபடி வார்ப்பிக்க அதைவிடப் பன்மடங்கு ஆகும்.