கணக்கு யாருடைய பெயரில்?

"டீச்சர், சேட்டிபிக்கட் வந்திட்டு. ஆனா அதுல என்ட பேர் இல்ல."

அம்பிளாந்துறைப் பக்கத்துப் பிள்ளை. ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கிறாள். பாதை ஏறி வாவியைக் கடந்து குருக்கள்மடத்துக்கு வந்திருந்தாள். (எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு அல்ல, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் நடுவே போய்வரும் மிதவை.) போனை என்னிடம் நீட்டினாள். இலவச இணையவழிக் கணினிக் கற்கைநெறி ஒன்றை முடித்ததற்கான சான்றிதழ். முத்திரை இருந்தது, கையொப்பம் இருந்தது. பெயர் வரவேண்டிய இடத்தில் யாரோ ஓர் ஆண்பிள்ளையின் செல்லப்பெயரும் அவன் பிறந்த வருடமும் ஒட்டிக் கிடந்தன.

"ஆரு மகள் கணக்கத் திறந்து தந்த?"

"கொமினிகேஷன் கடையில இருந்த அண்ணன். அவர்ட ஜிமெயிலப் போட்டுத்தான் செஞ்சு தந்தாரு. இப்ப கட்டார் போயிட்டாரு."

அவரை வட்ஸ்அப்பில் பிடித்தோம். பாவம், கடவுச்சொல் அவருக்கே நினைவில்லை. அதை மீட்பதற்கான ரகசிய இலக்கம் போய்ச் சேர்வதோ, அவர் வெளிநாடு போகும்போது கைவிட்டுப்போன பழைய சிம்முக்கு. வேலை முடிந்து சாப்பாட்டுக்குப் பின் அப்பா போனைக் கையில் தரும் நேரம் பார்த்து இரவிரவாகப் படித்த பிள்ளை, தன் பாடங்களுக்குள் தானே நுழைய முடியாமல் நின்றாள்.

அந்தத் தம்பி ஒரு சதம்கூட வாங்காமல் உதவி செய்தவர். அதனால்தான் இதை எழுதுகிறேன். இணையவழிக் கல்வியில் பிள்ளைகள் இழப்பதில் பெரும்பகுதி, கணக்குத் திறக்கும் முதல் அரைமணி நேரத்திலேயே போய்விடுகிறது. அதுவும் பெரும்பாலும் அன்பான கைகளால்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது எங்கள் கவலை வேறாக இருந்தது. போன் இல்லை, டேட்டா இல்லை, சிக்னல் இல்லை. மலைநாட்டில் போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காட்டுவழியே போய்ப் பாறை மேல் உட்கார்ந்து படித்த படங்கள் 2021இல் உலகச் செய்தியாயின. இன்று வீட்டுக்கு ஒரு போனாவது இருக்கிறது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் கிடக்கின்றன. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தன் திறந்த கற்றல் தளத்தில் பைதன், வலைத்தள வடிவமைப்பு போன்றவற்றைக் கட்டணம் இல்லாமல் கற்பிக்கிறது. கோர்செரா, எடெக்ஸ் இரண்டும் 2012 முதல் நடக்கின்றன. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் இந்திய அரசு 2017இல் ஸ்வயம் தளத்தைத் திறந்தது. கதவுகள் நிறைய. திறவுகோல் யார் மடியில் என்பதுதான் கேள்வி.

முதல் திறவுகோல் மின்னஞ்சல். அது பிள்ளையின் சொந்த மின்னஞ்சலாக இருக்கவேண்டும். இங்கே ஒரு சிக்கல் வரும். ஒரே போனை வைத்துக்கொண்டு அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஜிமெயில் திறந்திருப்போம். ஐந்தாறு கணக்கானதும், இந்த இலக்கம் அளவுக்கு மேல் பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று கூகுள் மறுத்துவிடும். அந்த இடத்தில்தான் "சரி, என்ட ஈமெயிலப் போடு" என்ற பேச்சு வருகிறது. போடாதீர்கள். அம்மாவின் இலக்கமோ அப்பப்பாவின் இலக்கமோ, வீட்டிலேயே தங்கும் ஒரு சிம்மைத் தேடுங்கள். வெளிநாடு போக இருப்பவரின் சிம், ரீலோட் பண்ணாமல் கிடக்கும் சிம் இரண்டும் வேண்டாம். நாள்பட அந்த இலக்கம் வேறொருவர் கைக்குப் போகலாம். இன்னொன்று: 2 வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் அழித்துவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பெயர். தளங்கள் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். எங்களுக்கோ தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். பிள்ளை குழம்பிப்போய் வாய்க்கு வந்ததைப் போட்டுவிடும். சான்றிதழில் அச்சாவது அதுதான். தர்ஷினி என்ற பெயரை ஆங்கில டி-யில் எழுதுவாரும் உண்டு, ரி-எச்சில் எழுதுவாரும் உண்டு. அடையாள அட்டையிலோ கடவுச்சீட்டிலோ ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து அடிக்கவேண்டும். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு தாளையும் ஒட்டிவைத்துத்தான் பார்ப்பார். சான்றிதழ் வெளிவந்தபின் திருத்தப்போனால் அடையாள ஆவணம் கேட்பார்கள். சில தளங்கள் திருத்தவே மாட்டா.

உதவி செய்கிறவருக்கு என் ஒரே வேண்டுகோள்: போனையோ மவுஸையோ உங்கள் கையில் வாங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள். நீங்கள் மூன்று நிமிடத்தில் முடிப்பதைப் பிள்ளை முப்பது நிமிடம் செய்யும், பிழையான பொத்தானை அமத்தும், திரும்பவும் முதலில் இருந்து வரும். அந்த முப்பது நிமிடம் முடிந்தபின் அதற்கு உங்கள் உதவி தேவைப்படாது. கடவுச்சொல் அடிக்கும்போது முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். கொமினிகேஷன் கடையில் இருந்து செய்தால், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கணினி கேட்கும்போது வேண்டாம் என்று அமத்தி, எழும்புமுன் கணக்கில் இருந்து வெளியேறச் சொல்லுங்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். கோர்செரா போன்ற தளங்களில் 7 நாள் இலவசம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கு வங்கி அட்டை இலக்கம் கேட்கும். கனடாவில் இருக்கும் மாமாவின் அட்டையைப் பிள்ளை கேட்டு வாங்கிப் போடும். எட்டாவது நாள் காசு வெட்டப்படும். நிறுத்தும்வரை மாதா மாதம் வெட்டப்படும். அட்டை போட்ட அன்றே, எந்தத் திகதிக்கு முன் நிறுத்தவேண்டும் என்று கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். சில கற்கைநெறிகளைச் சான்றிதழ் இல்லாமல் சும்மா படிக்க விடுவார்கள். அந்த வழி பணம் கட்டும் பொத்தானுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். கட்ட வசதியில்லை என்று எழுதி நிதியுதவி கேட்கவும் இடமுண்டு. யூடெமியில் வாங்கிய பாடம் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் காசைத் திருப்பிக் கேட்கலாம்.

இதைவிட ஆபத்தானது வட்ஸ்அப் குழுவில் வந்து விழும் விளம்பரம். "அரச அங்கீகாரம் பெற்ற டிப்ளோமா, இன்றே பதிந்தால் பாதிக் கட்டணம்." பணம் போடச் சொல்வது ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு. சிலிப்பைப் படம் எடுத்து அனுப்பியதும் அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் கேட்பார்கள். அங்கேயே நில்லுங்கள். இலங்கையில் தொழிற்பயிற்சி நிறுவனம் ஒன்று மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத்தொழிற் கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கவேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். ஆணைக்குழுவிலேயே அதைச் சரிபாருங்கள். பட்டம் தருகிறோம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்கவேண்டும். வாயால் சொல்லப்படும் அங்கீகாரம் வேலைக்கு உதவாது. ஆணைக்குழுவில் இருந்து பதில் வரவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கடிதம் போடலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். தமிழில் எழுதுங்கள். தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. யாரும் தரும் சலுகை அல்ல.

பணத்தைக் கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடிவைக்காதீர்கள். விளம்பரம், உரையாடல், வங்கிச் சிலிப் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். குழுவை விட்டு வெளியேறுமுன் எடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. எழுத்துமூல முறைப்பாட்டை 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். இந்த 3 மாதத்தைத்தான் எங்கள் சனம் "கேட்டுப் பார்ப்போம், தருவார்கள்" என்று கழித்துவிடுகிறது. யாராவது பிள்ளையின் கணக்குக்குள் அனுமதியின்றி நுழைந்தால் அது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். களுவாஞ்சிகுடிப் பொலிஸில் முறைப்பாடு எழுதலாம். கணக்கை எப்படி மீட்பது என்று, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்திடம் 101இல் கேட்கலாம்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒன்று. வகுப்புக்கு என்று வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால், குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் அவள் இலக்கம் தெரியும். இரவில் தேவையில்லாத செய்தி வரத் தொடங்கினால் பல வீடுகளில் முதலில் பறிபோவது அவளுடைய போன், அதோடு படிப்பு. குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை அனுபவிப்பவள் இன்னொருத்தி. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. போனைப் பறிக்காமல் செய்தியைச் சேமித்து வைத்து, அனுப்பியவரைத் தடுத்து, 18 வயதுக்கு உட்பட்டவள் என்றால் 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம்.

அந்தப் பிள்ளையின் பழைய கணக்கு மீளவில்லை. என் வீட்டு விறாந்தையில் புதிதாகத் திறக்க உட்கார்ந்தோம். அப்பாவின் இலக்கத்தைக் கூகுள் மறுத்தது. அம்மம்மாவுக்கு அழைத்தாள், ரகசிய இலக்கத்தை அம்மம்மா ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்ல, இரண்டாம் தடவை சரிவந்தது. அடையாள அட்டையை மடியில் வைத்துப் பெயரை அடித்தாள். கற்கைநெறியில் முதல் பாடத்தில் இருந்தே தொடங்கவேண்டியிருந்தது. விடைகள் எல்லாம் தெரியும் என்பதால் மளமளவென்று போனாள், மூன்றாம் பாடம் வரை.

கடவுச்சொல்லை என்னிடம் சொல்ல வாயெடுத்தாள். "எனக்குச் சொல்லாத மகள்" என்றேன். கொப்பியில் எழுதி வீட்டில் வைக்கச் சொன்னேன். பாதைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பியவள் படிக்கட்டில் நின்று, கணக்கை மூடி மறுபடி திறந்து பார்த்தாள். அடிக்கும்போது இடக்கையால் திரையை மறைத்துக்கொண்டாள்.