குகையும் கோடாரியும்

குடைவரை ஒன்றைப் பார்த்ததும் ‘என்ன கலை!’ என்று வாய்பிளந்து நிற்கப் பழகிவிட்டோம். அதை வெட்டியபோது எது கழித்துவிடப்பட்டது என்று கேட்பதில்லை.

வட சீனத்தை 386 முதல் 534 வரை ஆண்ட வட வெய் அரசர்கள், குதிரை மேய்த்த ஸியன்பெய் இனக்குழுவின் தொபா குலத்தவர். 460 வாக்கில் தன்யாவ் என்ற துறவியின் மேற்பார்வையில் யுன்காங் பாறையில் ஐந்து பெருங்குகைகள் வெட்டப்பட்டன. அங்குள்ள ஐந்து புத்தர்களும் ஐந்து வெய் அரசர்களைக் குறிப்பதாகவே பலரும் வாசிக்கிறார்கள். புத்தரைக் கும்பிட்டால் அரசனைக் கும்பிட்ட மாதிரிதான். 494இல் தலைநகர் லுவோயாங்குக்குப் போனது. அரசவையில் ஸியன்பெய் உடையும் பேச்சும் தடைசெய்யப்பட்டன. 496இல் குலப்பெயரே ‘யுவான்’ ஆனது. சிற்பத்தில் புத்தரும் சீனப் பிரபுவின் தொளதொள அங்கிக்கு மாறினார். ஆனால் அக்காலக் கல்லறைகளில் கிடைத்த சுடுமண் பொம்மைகள் முக்காட்டுத் தொப்பியும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, குதிரையோடும் ஒட்டகத்தோடும் நிற்கின்றன.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். நாமக்கல் பாறையில் 8ஆம் நூற்றாண்டில் அதியர் வெட்டிய குடைவரைகள் இரண்டு: நரசிம்மர், அரங்கநாதர். சங்கப் பாணர்கள் தமிழில் பாடிய அதியமான்களின் குலப்பெயர்தான் இவர்களுக்கும். ஆனால் குணசீலனின் கல்வெட்டில் எழுத்து கிரந்தம், மொழி சமஸ்கிருதம், கோயில் ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’. குலத்தலைவன் இந்திரனாகிறான். சுவரில் திரிவிக்கிரமன் மூவடியால் உலகை அளக்கிறான். நிலத்தை அளப்பவன் யார்? அரசன்தானே!

அந்தப் பாறைக்கு வடகிழக்கே கொல்லிமலை. அங்கே அரியூர் நாடு, வளப்பூர் நாடு என்று மலையாளிப் பழங்குடிகள் தங்கள் மலையைத் தாங்களே பகுத்து வைத்திருக்கிறார்கள். அவர்களது பொருள்கள் புல் வேய்ந்த மண்வீடு, மூங்கில் கூடை, சாமை குத்தும் உரல். மழையில் கரைபவை, கறையான் தின்பவை. கல்லில் உள்ளதும் வேறு வகை: மலையின் சின்னக் கோயில்களில் வழவழப்பான கற்கோடாரிகளைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். அருங்காட்சியகத்தில் அது ‘புதிய கற்காலம்’, எண் ஒட்டிய பொருள். இங்கே அதற்குப் பூசை உண்டு.

கல்வெட்டு இல்லாதவனுக்கு வரலாறு இல்லை என்ற தர்க்கம் கலை வரலாற்றோடு நின்றுவிடுவதில்லை. பட்டா கேட்டுப் போகிறவனிடம் ‘ஆதாரம் எங்கேப்பா?’ என்று அதுதான் திரும்பி வருகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கான விதிகளோ குடிசை, கிணறு, இடுகாடு, புனித இடம், பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் சான்றாக ஏற்கின்றன. ஆக, கோடாரிச் சாமி இருக்கும் இடத்தைப் பதிவு செய்வதில் ஒரு நில வழக்கும் அடங்கியிருக்கிறது. குகையைப் படமெடுக்கப் போகிற நண்பர்கள் மலைமேலும் ஏறட்டும்.