விரலின் பின்னே செல்லும் கண்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நமது வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பன்னிரண்டு வயது, கணக்கில் புலி. கோடை விடுமுறையில் அவன் ஏறிச் சென்ற பஸ் ஒரு லாரியுடன் மோதிக் கவிழ்ந்தது. கால் எலும்பு முறிந்து, மூன்று மாதத்தில் கூடியும்விட்டது. மறுபடி பள்ளிக்கு வந்தான். ஆனால் சாலையில் லாரியின் ஹாரன் ஒலித்தால் போதும். முகம் வெளுத்துவிடும், பேனா கையிலிருந்து நழுவும். ஒரு நாள் பெஞ்சுக்கு அடியில் புகுந்து, காதுகளைப் பொத்திக்கொண்டவன், மணி அடிக்கும் வரையில் வெளியே வரவில்லை. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாம் அவர்களை அதட்டினோம். பிறகு அவனைத் தனியே அழைத்து, பெரியவர்கள் எல்லாரும் சொல்வதையே நாமும் சொன்னோம்: "நடந்தது நடந்துவிட்டது, தம்பி. அதையே நினைக்காதே, மறந்துவிடு."

அந்த உபதேசத்தை இப்போது நினைத்தால் நமக்கு வெட்கமாக இருக்கிறது.

பையனின் தகப்பனார் நம்மைப்போல் உபதேசத்தோடு நிற்கவில்லை. நகரத்திலுள்ள மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் அவனை அழைத்துப் போனார். சில வாரங்களுக்குப் பிறகு நம்மிடம் வந்து, "ஸார், அந்த அம்மாள் மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. விபத்தை நினைத்துக்கொள் என்கிறார். விரலை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். பையன் அதையே பார்க்கவேண்டுமாம். இதெல்லாம் வைத்தியந்தானா?" என்று கேட்டார். வேப்பிலை அடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றுதான் நமக்கும் தோன்றியது. ஆயினும், தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்லலாகாது என்று தினந்தோறும் பிள்ளைகளுக்குப் போதிக்கிறவர்கள் அல்லவா நாம்? புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினோம்.

இந்தச் சிகிச்சையை ஈ.எம்.டி.ஆர். என்கிறார்கள். கண்ணசைவின் உதவியால் வேதனையைத் தணித்து, நினைவைச் சீர்ப்படுத்தும் முறை என்று தமிழில் சொல்லலாம். இதைக் கண்டவர் பிரான்ஸின் ஷாபிரோ என்ற அமெரிக்க மாது. 1948-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். ஆங்கில இலக்கியத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவரைப் புற்றுநோய் பற்றியது. பிழைத்தெழுந்தவர் இலக்கியத்தை விட்டுவிட்டு, மனமும் உடலும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராயப் புறப்பட்டார். 1987-ஆம் ஆண்டு ஒரு நாள் கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் உலாவிக்கொண்டிருந்தபோது, தம்மை வாட்டிய சில எண்ணங்கள் திடீரென்று வலுவிழந்ததை உணர்ந்தாராம். அச்சமயம் தம் கண்கள் வேகமாக இங்குமங்கும் அசைந்ததையும் கவனித்தாராம். முதலில் நண்பர்களிடம் பரீட்சித்துப் பார்த்து, பிறகு 22 பேரிடம் முறையாகச் சோதித்து, 1989-இல் அதன் முடிவைப் பிரசுரித்தார். 2019-இல் அவர் காலமாவதற்குள் அந்த முறை உலகத்தின் பல பாகங்களுக்கும் பரவிவிட்டது.

பூங்காவில் உலாவினால் வைத்தியம் பிறக்குமா என்று நேயர்கள் புன்னகை செய்யலாம். நாமும் செய்தோம். ஆனால் வைத்தியசாலை அறைக்குள் உண்மையில் நடப்பது, விரலாட்டும் வித்தையைவிட எவ்வளவோ நிதானமான காரியம்.

எட்டுப் படிகள் இருக்கின்றன. நோயாளியின் வரலாற்றைக் கேட்டறிவது முதற்படி. மனம் கலங்கும்போது தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழிகளைக் கற்பிப்பது இரண்டாவது. இவை முடிந்த பிறகே அந்தக் கொடிய சம்பவத்தை நெருங்குகிறார்கள். எந்தக் காட்சி மிகவும் வதைக்கிறது? அதை நினைக்கும்போது தன்னைப்பற்றி என்ன தோன்றுகிறது? "நான் ஒன்றுக்கும் ஆகாதவன்", "எல்லாம் என் குற்றம்" என்று பலருக்குத் தோன்றுகிறதாம். அதற்குப் பதிலாக எதை நம்ப விரும்புகிறார்? உடம்பில் எங்கே அது தெரிகிறது: நெஞ்சிலா, தொண்டையிலா, வயிற்றிலா? வேதனைக்கு, சூனியத்திலிருந்து 10 வரையில் மார்க்கும் போடச் சொல்கிறார்கள். (ஆசிரியர்களாகிய நமக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருந்தது.) அதன் பின்னரே விரல் அசைகிறது. காட்சியை மனத்தில் நிறுத்தியபடி, தலையைத் திருப்பாமல், நோயாளி கண்களால் விரலைத் தொடர்கிறார். சுமார் அரை நிமிஷம். "இப்போது என்ன வருகிறது?" என்று வைத்தியர் கேட்கிறார். வந்ததைச் சொன்னால் போதும். நடந்ததை விஸ்தாரமாக விவரிக்க வேண்டியதில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத அவமானத்தை அனுபவித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டுமா? மறுபடியும் விரல், மறுபடியும் கேள்வி. இப்படி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். மார்க்கு இறங்கிய பிறகு, அவர் விரும்பிய நல்ல நம்பிக்கையைப் பலப்படுத்துகிறார்கள். உடம்பில் மிச்சமுள்ள இறுக்கத்தையும் விசாரிக்கிறார்கள். இது ஹிப்னாடிஸம் அன்று. நோயாளி முழு விழிப்போடு இருக்கிறார்; வேண்டாமென்றால் கையைக் காட்டி நிறுத்திவிடலாம்.

இனி வாதத்துக்கு வருவோம். மனம் ஏக காலத்தில் தாங்கக்கூடிய சுமைக்கு ஓர் அளவுண்டு. காட்சியையும் நினைத்து விரலையும் தொடரும்போது, காட்சிக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது. அதன் கூர்மை மழுங்குகிறது. மழுங்கிய நிலையிலேயே அது மீண்டும் மனத்தில் பதிகிறது. இங்கிலாந்திலும் ஹாலந்திலும் சோதனைச்சாலைகளில் கண்டவற்றைக் கொண்டு இப்படி விளக்குகிறார்கள். அப்படியானால் கண்தான் வேண்டுமென்பதில்லையே? இல்லைதான். மனத்துக்கு வேலை கொடுக்கும் வேறு காரியங்களும் சோதனைகளில் இதேபோன்ற பலனைத் தந்திருக்கின்றன. கைகளில் மாறி மாறித் தட்டுவதையும் வைத்தியர்கள் கையாளுகிறார்கள். 1997-இல் மெக்ஸிகோவில் அகாபுல்கோ நகரைப் புயல் தாக்கியபின், லூசினா அர்திகாஸ் என்ற மாது அங்குள்ள குழந்தைகளிடையே பணி செய்தார். கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துத் தோள்களை மாற்றி மாற்றித் தட்டும் 'பட்டாம்பூச்சி அணைப்பு' அப்பணியில் பிறந்ததுதான்.

கண்ணசைவு வெறும் அலங்காரம், பயங்கரத்தைப் பத்திரமான இடத்தில் மறுபடி எதிர்நோக்குவதுதான் குணமாக்குகிறது என்று வாதிப்பவர்களும் சாமானியர்கள் அல்லர். பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2001-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, கண்ணசைவால் தனிப் பலன் இல்லை என்றது. 2013-இல் வந்த மற்றொன்று, உண்டு என்றது. மெஸ்மரின் காந்த வைத்தியத்தோடு இதை ஒப்பிட்டு எழுதிய அறிஞரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆனால் சிகிச்சை முழுவதும் பலிக்கிறதா என்பது வேறு கேள்வி. 2007-இல் அமெரிக்காவில் வெளியான சோதனையில் 88 பேர் கலந்துகொண்டார்கள். சிலருக்கு இச்சிகிச்சை, சிலருக்குப் புளூவாக்ஸெடின் என்ற மருந்து, சிலருக்கு வெறும் மாத்திரை. முடிந்து ஆறு மாதத்துக்குப்பின் பார்த்தபோது, வயது வந்தபின் அதிர்ச்சிக்குள்ளாகி இச்சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 75 பேர் நோய்க்குறி நீங்கியிருந்தார்கள். குழந்தைப் பருவத்திலேயே காயப்பட்டவர்களில் நூற்றுக்கு 33 பேர்தாம். இந்த இரண்டாவது எண்ணையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2013-இல் உலக சுகாதார ஸ்தாபனம், அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநோய்க்கு உகந்த சிகிச்சைகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்தது. பெரியவர்களுக்கு மட்டுமல்ல, குழந்தைகளுக்கும்.

அதே ஸ்தாபனம் மற்றொன்றும் சொல்லியிருக்கிறது. விபத்து நடந்த கையோடு, பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, "என்ன நடந்தது, சொல்லு" என்று கிளறக்கூடாதாம். பலருக்குச் சில வாரங்களில் மனம் தானே தேறிவிடுகிறது. பயங்கரக் கனவும் நடுக்கமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் வைத்தியரை நாடவேண்டும். நாமோ துக்கம் விசாரிக்கப் போகும் வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்கிறோம். எழுந்திருக்கும்போது "மறந்துவிடு" என்கிறோம். இரண்டு தவறும் ஒரே மாலையில் நடந்துவிடுகிறது!

நம் தேசத்துக்கு இம்முறை வந்ததும் ஒரு பெருந்துயரத்தை ஒட்டித்தான். 2001 ஜனவரி 26-இல் குஜராத்தைப் பூகம்பம் குலுக்கியபின், அயல்நாட்டுத் தொண்டர்கள் வந்து இங்குள்ள நிபுணர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் அத்தகைய பயிற்சி நடந்தது. பயிற்சி என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். நினைவைத் திறந்துவிட்டு மூடத் தெரியாதவர் கையில் அகப்பட்டால், நோயாளி முன்னிலும் மோசமாகக் கலங்கி வீடு திரும்பக்கூடும். ஆகையால் வீட்டிலுள்ள மாமாவோ சித்தப்பாவோ விரலை ஆட்டிப் பார்க்கவேண்டாம். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள், 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் சேவைக்கு, 14416 என்ற எண்ணில் டெலிபோன் செய்து யோசனை கேட்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். எட்டு முறையோ ஒன்பது முறையோ நகரத்துக்குப் போய் வந்தான். இடையில் ஒரு வாரம் கெட்ட கனவுகள் அதிகமாயின என்றும், நிறுத்திவிடலாமா என்று யோசித்ததாகவும் தகப்பனார் சொன்னார். நிறுத்தவில்லை. அரைப் பரீட்சைக்கு அவனுக்கு ஜன்னலோர பெஞ்சு கிடைத்தது. இடம் மாற்றித் தரட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்றான். பரீட்சை நடுவில் சாலையில் ஒரு லாரி உரக்க ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பையன் தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தான். அது திருப்பத்தில் மறையும் வரையில் பார்த்தான். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைப் போட ஆரம்பித்தான்.