பழைய தூசியுறிஞ்சியும் இரு சோதனை விளக்குகளும்

தரையிலுள்ள தூசியைக் காற்றோடு உறிஞ்சும் பொறியை இன்று பலரும் அறிவர். 1901-இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் அமைத்த பொறி, குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தவேண்டிய அளவு பெரியது. அமெரிக்கரான ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் 1908-இல் காப்புரிமை பெற்ற சிறிய மின்பொறியோ வீட்டுக்குள் எளிதாகப் புகுந்தது. அம்மரபில் வந்த பழம்பொறிகளைச் செப்பனிடுவதில் எனக்கு நெடுநாளைய விருப்பம் உண்டு.

முதலில் கிடைத்த பொறியை ஆவல் மிகுதியால் ஆராயாமலே மின்சாரத்தில் இணைத்தேன். ஃபியூஸ் எரிந்து வீடு இருண்டது. பிரித்துப் பார்த்தால், கம்பிகளின் ரப்பர் உறை காய்ந்து உதிர்ந்து, செம்பும் செம்பும் தொட்டிருந்தன. மின்கம்பி பொறியின் உலோக உடலைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிலத்தொடர்பு இல்லாத பொறி அது. ஃபியூஸ் எரிந்திராது, என் கையே மின்சாரத்துக்கு வழியாகியிருக்கும். அன்று முதல், சோதிக்காமல் எதையும் நான் இணைப்பதில்லை.

முதற்கருவியை மாணவர் எவரும் செய்யலாம். இரண்டு டார்ச் பாட்டரிகள், ஒரு 2.5 வோல்ட் பல்பு, இரண்டு கம்பிகள் போதும். பொறியை மின்சாரத்திலிருந்து முற்றிலும் நீக்கிய பிறகே சோதிக்க வேண்டும். ஒரு கம்பியின் இரு முனைகளையும் தொட்டால் பல்பு எரியும். எரியாவிடில் அது அறுந்திருக்கிறது. வளைக்கும்போது ஒளி விட்டுவிட்டு வந்தால், முறிவு உறைக்குள் ஒளிந்திருக்கிறது. சுவிட்சையும் இவ்வாறே சோதிக்கலாம். மோட்டார்ச் சுருளின் வழியே ஒளி மங்கும். தடை மிகுந்தால் தெரியாமலும் போகும்.

இரண்டாவது கருவியை மின்பணியாளர் 'சீரிஸ் விளக்கு' என்பர். 230 வோல்ட், 100 வாட் இழை பல்பைப் பொறியோடு தொடராக இணைப்பதே அதன் அமைப்பு. பொறியில் எத்தகைய குறுக்குச் சுற்று இருந்தாலும், பல்பு அரை ஆம்பியருக்கு மேல் நெடிது பாய விடாது. மோட்டார் மெல்லச் சுழன்று ஒளி சற்று மங்கினால் நன்று. சுழலாமல் விளக்கு முழு ஒளி வீசினால், குறுக்குச் சுற்றோ இறுகிய பேரிங்கோ உண்டு. விளக்கே எரியாவிடில், பாதை அறுந்திருக்கலாம், அல்லது கரி பிரஷ் தேய்ந்திருக்கலாம். எல்.ஈ.டி. விளக்கு இதற்கு உதவாது. இது வீட்டு மின்சாரத்தோடு விளையாடும் கருவி; தேர்ந்த மின்பணியாளர் உடனிருந்தாலன்றி மாணவர் இதைத் தொடலாகாது. சோதனையின்போது பொறியின் உடலையும் எவரும் தொடலாகாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஒரு முனையைப் பிளக்கின் ஊசியிலும் மறுமுனையை உலோக உடலிலும் வைத்தபோது டார்ச் பல்பு எரியவில்லை என்றால், பொறி பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று வோல்ட்டுக்குப் புலப்படாத கசிவு, 230 வோல்ட்டில் உயிரைக் குடிக்கக்கூடும். அதை அறிய 500 வோல்ட் மெக்கர் வேண்டும். எரியும் விளக்கு ஓர் உண்மையைச் சொல்கிறது. எரியாத விளக்கு எல்லா உண்மையையும் சொல்லிவிடுவதில்லை. கருவியைச் செய்யக் கற்பவர், அதன் எல்லையையும் கற்க வேண்டும்.